மூன்று நிமிட ஆட்டம், ஒரு வருட வேலை

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் செப்டம்பர், அக்டோபர் மாத வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் ஒரே அர்த்தம்தான். ஹைஸ்கூல் ஃபுட்பால். நம்மூர் கால்பந்து இல்லை. தோளில் கவசமும் தலையில் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு முட்டிமோதும் ஆட்டம். சின்ன ஊர்களில் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஊரே மைதானத்துக்குப் போய்விடும். இதைப் பற்றிப் புத்தகம், சினிமா, டிவி தொடர் எல்லாம் வந்தாகிவிட்டது. அதனால் அதை விட்டுவிடுவோம்.

சொல்ல வந்தது, பாதி ஆட்டம் முடிந்து பையன்கள் உள்ளே போனபிறகு நடக்கிற விஷயம்.

டெக்ஸாஸில் இந்த இடைவேளை கொஞ்சம் நீளம். இரண்டு பள்ளிகளின் பேண்டும், ஆட்டக்குழுவும் மைதானத்துக்குள் வந்து போகவேண்டுமே! அப்போது வெள்ளைத் தொப்பி, வெள்ளை பூட்ஸ், ஜிகினா வைத்த குட்டைப் பாவாடை போட்ட பெண்கள் ஒரே வரிசையாக நடந்து வருவார்கள். முப்பது பேர் இருக்கலாம், ஐம்பது பேர் இருக்கலாம், பெரிய பள்ளி என்றால் எண்பது பேர்கூட இருக்கலாம். பேண்ட் வாசிக்கும். இவர்கள் கை கோர்த்துக்கொண்டு காலைத் தொப்பி விளிம்பு வரைக்கும் தூக்கி உதைப்பார்கள். கடைசியில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எகிறிக் குதித்துக் காலை விரித்துத் தரையில் உட்காருவார்கள். மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும். பிறகு சிரித்த முகத்தோடே வெளியே போய்விடுவார்கள்.

இவர்களுக்கு டிரில் டீம் என்று பெயர். நம்மூர் என்.சி.சி. பரேடையும் சினிமா குரூப் டான்ஸையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். கேப்டன், லெஃப்டினன்ட் என்று பதவிகள்கூட ராணுவத்தில் இருப்பது மாதிரியே உண்டு. இவர்களைப் போய் சியர்லீடர் என்று சொல்லிவிடக்கூடாது, கோபம் வந்துவிடும் :-) சியர்லீடர் கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டம் முழுவதும் கத்துபவள். டிரில் டீம் பெண் கூட்டத்தோடு கேலரியில் உட்கார்ந்திருந்து, இடைவேளையில் மட்டும் மைதானத்துக்குள் போகிறவள். இரண்டும் வேறு வேறு ஜாதி. பள்ளி கேன்டீனில் மேஜைகூடத் தனித்தனிதான்.

கிழக்கு டெக்ஸாஸில் எண்ணெய்க் கிணறுகள் இருக்கிற பக்கம் ஒரு சின்ன ஊர். ஊர் பெயர் வேண்டாம், அந்தப் பெண்ணின் பெயரும் வேண்டாம். பத்தாம் வகுப்பு. அவள் பாட்டி அறுபதுகளில் அதே பள்ளியில் டிரில் டீமில் இருந்தவள். அம்மா தொண்ணூறுகளில் இருந்தவள். பாட்டியின் பூட்ஸ் இன்னும் வீட்டில் ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. அந்த வீட்டில் பெண்ணாகப் பிறந்துவிட்டு "எனக்கு டான்ஸ் வராது" என்று சொல்ல முடியுமா? எட்டாம் வகுப்பு முடிவில் தேர்வுக்குப் போனாள், கிடைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிவில் மறுபடி போனாள்.

தேர்வு என்பது சாதாரண விஷயம் இல்லை. வசந்த காலத்தில் நடக்கும். இரண்டு மூன்று நாள் ஒரு நடனத்தைச் சொல்லித் தருவார்கள். கடைசி நாள் நெஞ்சில் ஒரு எண்ணைக் குத்திக்கொண்டு, நாலைந்து பேராக நடுவர்கள் முன்னால் ஆடவேண்டும். நடுவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர் ஆள் என்றால் யார் மகள் யார் பேத்தி என்று பார்ப்பார்கள் என்பதற்காக இந்த ஏற்பாடு. வலது கால் ஸ்ப்ளிட், இடது கால் ஸ்ப்ளிட், உதை, சிரிப்பு என்று எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. ஆமாம், சிரிப்புக்கும்! முன்பெல்லாம் ஜிம் கதவில் ஒரு தாளை ஒட்டுவார்கள். இப்போது ராத்திரி குறிப்பிட்ட நேரத்தில் பள்ளியின் இணையப் பக்கத்தில் எண்களைப் போட்டுவிடுகிறார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நம்மூரில் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கிற அதே வயிற்றுக் கலக்கம். அவள் எண் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்டில் இருந்தாள். போனை எடுத்து ஒரே வார்த்தை, "இருக்கு."

இந்தப் பைத்தியம் எங்கிருந்து ஆரம்பித்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 1930ல் டெக்ஸாஸின் தெற்கு ஓரத்தில் இருக்கும் எடின்பர்க் ஹைஸ்கூலில் கே டீர் கிராஃபோர்ட் என்பவர் ஒரு குழுவைத் தொடங்கினார். அதைத்தான் முதல் டிரில் டீம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் இதைக் கிட்டத்தட்ட ஒரு மதமாகவே ஆக்கியவர் வேறு ஒரு அம்மாள். பெயர் கஸ்ஸி நெல் டேவிஸ். 1906ல் ஃபார்மர்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தவர். அவர் பியானோ கலைஞர் ஆகவேண்டும் என்று அவர் அம்மாவுக்கு ஆசை. இவர் உடற்கல்வி படித்துவிட்டு 1928ல் கிரீன்வில் ஹைஸ்கூலில் ஆசிரியை ஆனார். அங்கே கேலரியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த பெண்களை எழுப்பி, மைதானத்தில் இறக்கி நடக்கவிட்டார்.

இதற்கிடையில் கிழக்கு டெக்ஸாஸில் 1930ல் எண்ணெய் கிடைத்தது. கில்கோர் என்ற சின்ன ஊரில் காசு கொட்டியது. நகரத்தின் நடுவில் வீட்டுக்கும் கடைக்கும் இடையில்கூட எண்ணெய்க் கோபுரங்கள் நின்றன. 1935ல் கல்லூரி வந்தது. அந்தக் கல்லூரித் தலைவர் மாஸ்டர்ஸுக்கு இரண்டு கவலை. ஒன்று, பையன்கள் அளவுக்குப் பெண்கள் சேரவில்லை. இரண்டு, ஃபுட்பால் இடைவேளையில் ஜனங்கள் கேலரிக்கு அடியில் போய் பாட்டிலைத் திறந்துவிடுகிறார்கள். இடைவேளையிலும் ஜனங்களை நாற்காலியில் உட்கார வைக்கிற மாதிரி ஏதாவது செய்யவேண்டும் என்று 1939ல் டேவிஸைக் கூப்பிட்டார். 1940ல் ரேஞ்சரெட்ஸ் என்ற குழு மைதானத்துக்குள் வந்தது. சிவப்புச் சட்டை, நீலப் பாவாடை, வெள்ளைத் தொப்பி. குடிகாரர்களை உட்கார வைக்கத் தொடங்கிய விஷயம், இன்றைக்கு டெக்ஸாஸில் ஹைஸ்கூல் ஹைஸ்கூலாகப் பரவிக் கிடக்கிறது. ரேஞ்சரெட்ஸில் ஆடி முடித்தவர்களே ஊர் ஊராகப் போய் பள்ளிகளில் பயிற்சியாளர் ஆனார்கள். அதனால்தான் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதே தொப்பி, அதே பூட்ஸ், அதே உதை.

எலியட் எர்விட் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர் 1971ல் ரேஞ்சரெட்ஸ் தேர்வைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அழகுக்கு வலி தெரியாது என்று அர்த்தம் வரும் தலைப்பு. அது டேவிஸ் அடிக்கடி சொல்கிற வாசகம். டேவிஸ் 1979ல் ஓய்வு பெற்று 1993ல் இறந்துபோனார். வாசகம் மட்டும் இன்னும் பயிற்சி அறைச் சுவர்களில் இருக்கிறது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்பது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருவோம்.

சரி, அந்தப் பெண்ணிடம் போவோம்.

தேர்வானதும் வீட்டுக்கு முதலில் வந்தது ஒரு பில். சீருடை, பூட்ஸ், பயிற்சி உடை, கோடை முகாம், வெளியிலிருந்து வரும் நடன ஆசிரியருக்கான பங்கு, போட்டிக் கட்டணம். எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் டாலரைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். அரசுப் பள்ளி, படிப்பு இலவசம், ஆனால் உதைக்கக் காசு வேண்டும். பணம் சேர்க்க கார் கழுவுவார்கள், பிஸ்கட் மாவு விற்பார்கள். ஊரில் இருக்கும் குட்டிப் பெண்களுக்கு ஒரு சனிக்கிழமை நடனம் சொல்லித் தந்து கட்டணம் வாங்குவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் குட்டிகளையும் மைதானத்தில் ஆடவிடுவார்கள். ஐந்து வயதில் அப்படி ஆடிய குட்டிதான் பத்து வருடம் கழித்து நெஞ்சில் எண் குத்திக்கொண்டு நிற்கிறது. நல்ல வியாபாரத் தந்திரம்! அவள் அம்மா இரண்டு சனிக்கிழமை கூடுதல் ஷிஃப்ட் பார்த்தாள். பூட்ஸ் மட்டும் போன வருடம் பள்ளி முடித்த ஒரு அக்காவிடம் பாதி விலைக்கு வாங்கியது. உள்ளே மூன்று பேர் பெயர் எழுதி அடித்திருந்தது.

ஆகஸ்ட் ஆரம்பத்தில் பயிற்சி. டெக்ஸாஸ் ஆகஸ்ட் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, சித்திரை மாத வேலூரை நினைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்தும் தார்த் தளத்தில் மைதானத்துக் கோடுகளை பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும் என்று காலை ஆறரைக்கே வரச்சொல்வார்கள்.

பார்க்கிறவர்களுக்குக் கால் தூக்குவதுதான் கஷ்டம் என்று தோன்றும். காலை ஒரு கோடை முழுக்க நீட்டி மடக்கினால் யாருக்கும் ஓரளவு வந்துவிடும். நிஜமான கஷ்டம் நிற்கிற காலிலும், கையிலும், கண்ணிலும் இருக்கிறது. நிற்கிற கால் மடங்கக்கூடாது. முதுகு வளையக்கூடாது. கால் மேலே வரவேண்டுமே தவிர நெஞ்சு கீழே இறங்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவளின் கையோடு கோர்த்த கையில் துளி பாரம்கூடப் போடக்கூடாது. போட்டால் அவள் சாய்வாள், அவள் சாய்ந்தால் அடுத்தவள். 36 பேர் வரிசையில் ஒருத்தி தொங்கினால் அது அலை மாதிரி கடைசிவரை போகும். மேலே கேலரியில் இருக்கிறவனுக்கு யார் செய்தது என்று தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும்.

கண் விஷயம் இன்னும் விசேஷம். தலையைத் திருப்பாமல், சிரிப்பைக் கலைக்காமல், ஓரக்கண்ணால் நடுவில் இருப்பவளைப் பார்த்து நேராக நிற்கவேண்டும். மைதானத்தில் ஐந்து யார்டுக்கு ஒரு கோடு இருக்கும். எட்டு எட்டில் ஐந்து யார்டு கடக்கவேண்டும். கணக்குப் போட்டால் ஒரு எட்டு இருபத்திரண்டரை அங்குலம். உயரமானவளுக்கும் அதே அளவுதான், குட்டையானவளுக்கும் அதே அளவுதான். வரிசையில் உயரமானவர்கள் நடுவில் நிற்பார்கள், இரண்டு ஓரத்துக்கும் போகப் போக உயரம் குறையும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே உயரம் மாதிரி ஏமாற்றும். அவள் கொஞ்சம் குட்டை. இடது ஓரத்திலிருந்து ஏழாவது இடம்.

குழுவில் சேர்ந்துவிட்டால் ஆடலாம் என்று அர்த்தம் இல்லை. இது வெளியில் பலருக்குத் தெரியாது. அவள் பள்ளியில் ஒவ்வொரு வாரமும் புதன்கிழமை சோதனை. அந்த வார நடனத்தை மூன்று மூன்று பேராக ஆடிக்காட்டவேண்டும். தப்பு இருந்தால் வெள்ளிக்கிழமை சீருடை போட்டுக்கொண்டு கேலரியில் உட்காரலாம், மைதானத்துக்குள் போகமுடியாது. ஆகஸ்ட் கடைசியில் முதல் ஆட்டம். அவள் தேறினாள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது... எல்லாவற்றிலும் தேறினாள். புதிதாக வந்தவர்களில் நான்கு வாரமும் ஆடியவர்கள் அவளையும் சேர்த்து மூன்றே பேர்.

பிறகு வேதியியல் வந்தது.

டெக்ஸாஸில் 1984ல் ஒரு சட்டம் போட்டார்கள். பாடத்தில் தேறாதவன் விளையாடக்கூடாது என்பது சாரம். ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர் தலைமையில் ஒரு குழு போட்டு, படிப்பை விட்டுவிட்டு ஃபுட்பால் பின்னாலேயே ஓடுகிறார்கள் என்று கண்டுபிடித்துச் செய்த வேலை. (அதைக் கண்டுபிடிக்கக் குழு எதற்கு?) எந்தப் பாடத்திலும் 70க்குக் கீழே போனால் ஆட்டம், பாட்டு, பேண்ட், டிரில் டீம் எதிலும் மேடையேற முடியாது. முதலில் ஆறு வாரம் தடை என்று இருந்தது. கோச்சுகளும் பெற்றோர்களும் கொதித்துப் போனார்கள். 1995ல் அதை மூன்று வாரம் ஆக்கினார்கள். பயிற்சிக்கு வரலாம், நிகழ்ச்சியில் கலந்துகொள்ளக்கூடாது.

முதல் ஆறு வாரத்தின் முடிவில் வேதியியலில் அவளுக்கு 68.

இரண்டு மார்க். அம்மா பள்ளிக்குப் போய்க் கேட்டாள். ஆசிரியர் நல்ல மனிதர்தான், கெடுபிடிக்காரர் இல்லை. "ஃபுட்பால் பையன் ஒருவனுக்கும் இதே பதில்தான் சொன்னேன்" என்றார். அம்மாவால் அதற்கு மேல் ஒன்றும் பேசமுடியவில்லை. நியாயம் அவர் பக்கம்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கல்லூரி தரத்தில் வைக்கும் உயர்நிலைப் பாடங்களுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. கஷ்டமான பாடம் எடுக்கப் பிள்ளைகள் பயந்துவிடக்கூடாதே என்று. அவளுக்கு அடுத்த இடத்தில், எட்டாவதாக நிற்கும் தோழி உயர்நிலை வேதியியல் படிக்கிறாள். அவள் மார்க் 64. அவள் ஆடலாம். 68 ஆடக்கூடாது. சட்டம் போட்டவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள், அந்தக் காரணமும் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் யார் அந்த உயர்நிலைப் பாடத்தில் உட்காருகிறார்கள் என்று பார்த்தால், டியூஷனுக்குக் காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் ஹோம்கமிங் வந்தது. பழைய மாணவர்கள் ஊருக்குத் திரும்பி வருகிற ஆட்டம், வருடத்தின் பெரிய நாள். டெக்ஸாஸ் பெண்கள் அன்றைக்குச் செவ்வந்திப் பூ என்ற பெயரில் ரிப்பனும் மணியும் கரடி பொம்மையும் தொங்கும் ஒரு ராட்சத அலங்காரத்தை நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பாட்டியின் பழைய டீம் ஆட்களும் வருகிறார்கள். பேத்தி ஆடுவதைக் காட்டுகிறேன் என்று பாட்டி பத்துப் பேரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அவமானத்தை விட அவளைச் சுட்டது வேறு. திங்கட்கிழமை பயிற்சியில் டைரக்டர் அவள் பெயரைச் சொல்லவே இல்லை. "இடது பக்கம் ஏழாவது இடம் இந்த மூன்று வாரம் கிடையாது" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். ஆனால் 36 பேர் 35 ஆனால் என்ன ஆகும் தெரியுமா? அவளுக்கு வெளியே இருக்கும் ஆறு பேர் ஒரு இடம் உள்ளே வரவேண்டும். அது மட்டும் இல்லை. 36 பேர் இருக்கும்போது மைதானத்தின் நடுக்கோடு பதினெட்டாவது பெண்ணுக்கும் பத்தொன்பதாவது பெண்ணுக்கும் நடுவில் போகும். 35 என்றால் ஒருத்தி கோட்டின் மேலேயே நிற்கவேண்டும். அதனால் மொத்த வரிசையும் அரை இடம் நகரவேண்டும். ஆகஸ்ட் முழுக்க வெயிலில் காலுக்குப் பழக்கின இடத்தை, இவளுடைய இரண்டு மார்க்குக்காக 35 பேரும் மறந்துவிட்டுப் புதிதாகப் பழகவேண்டும். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

ஹோம்கமிங் ராத்திரி ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கேலரியில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டி அந்தப் பத்துப் பேரிடமும் "இவளுக்குக் கெமிஸ்ட்ரியில் தகராறு, அதனால் உட்கார்ந்திருக்கிறாள்" என்று மூடி மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவர்களில் ஒரு கிழவி சிரித்துக்கொண்டே, "எங்கள் காலத்தில் மார்க்கைப் பார்க்க மாட்டார்கள். எடை மெஷினில்தான் ஏற்றுவார்கள்" என்றாள். இரண்டு பவுண்டு கூடியிருந்தால் அந்த வாரம் உட்காரவேண்டியதுதானாம். வியாழக்கிழமை முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருந்து வெள்ளிக்கிழமை உதைப்பார்களாம். மயக்கம் போட்டு விழுந்தவர்களும் உண்டு. அதைச் சொல்லும்போதும் அந்த அம்மாளுக்குச் சிரிப்புதான் வந்தது.

அழகுக்கு வலி தெரியாது என்ற வாசகம் சுவரில் இருக்கிறது என்று சொன்னோமே, அதன் இன்னொரு பக்கம் இது. இப்போது அந்தப் பள்ளியில் எடை மெஷின் இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே சிரிப்பு என்பது இந்த ஆட்டத்தின் எலும்பிலேயே இருக்கிறது. ரேஞ்சரெட்ஸில் முதல் கறுப்பினப் பெண் சேர்ந்தது 1973ல்தான். அதாவது குழு தொடங்கி முப்பத்து மூன்று வருடம் கழித்து. வரிசை என்றால் வித்தியாசம் தெரியக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே யாரை வரிசைக்குள் விடுவது என்பதையும் தீர்மானித்திருக்கிறார்கள்.

பையன்கள் ஓய்வெடுக்கும்போது பெண்களைக் குட்டைப் பாவாடையில் ஆடவிடுவது என்ன கலாசாரம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கிழவிகளிடம் கேட்டால் வேறு கதை சொல்கிறார்கள். பாட்டி படிக்கும்போது அந்தப் பள்ளியில் பெண்களுக்கு ஓட்டப் பந்தயம் கிடையாது, கூடைப்பந்து கிடையாது, ஒன்றுமே கிடையாது. பள்ளிகளில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் வந்ததே 1972ல். அதற்கு முன்னால் வியர்க்க வியர்க்க உடம்பைப் பழக்கி, ஆயிரம் பேர் பார்க்க மைதானத்தின் நடுவில் நிற்கவேண்டும் என்றால் ஒரு பெண்ணுக்கு இருந்த ஒரே வாசல் இந்த வெள்ளை பூட்ஸ். பையன்களின் ஆட்டத்துக்கு நடுவில்தான் அந்த வாசல் என்பது உண்மை. 1972க்குப் பிறகும் அரசாங்கம் டிரில் டீமை விளையாட்டுக் கணக்கில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அதே நேரம் டெக்ஸாஸில் டிரில் டீமில் இருந்தால் உடற்கல்விப் பாடத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார்கள். விளையாட்டு இல்லை, ஆனால் உடற்பயிற்சி! என்ன சொல்வது இதை?

மைதானத்தில் 35 பேர் வந்தார்கள். பேண்ட் தொடங்கியது. பாட்டி உதட்டுக்குள் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் ஏழாவது இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எப்போதும் ஆறாவதாக நிற்கும் பெண் நின்றாள். இடைவெளி எங்கேயும் இல்லை.

"நான் இல்லாதது தெரியவே இல்லை பாட்டி."

"தெரிந்தால்தான் அசிங்கம்" என்றாள் பாட்டி. கொஞ்ச நேரம் கழித்து, "மூன்றாவது பெண் கையில் தொங்குகிறாள், பார்" என்றாள்.

பார்த்தாள். உண்மைதான். உள்ளே நின்றபோது ஒருநாளும் இது தெரிந்ததில்லை.

அடுத்த மூன்று வாரமும் காலை ஏழு மணிக்கு வேதியியல் ஆசிரியரிடம் போனாள். பயிற்சி எட்டரைக்குத்தான். அணு எடை, மோல் கணக்கு. இருபத்திரண்டரை அங்குலத்தை எட்டால் பெருக்கி ஐந்து யார்டு வருகிறதா என்று பார்க்கத் தெரிந்தவளுக்கு மோல் கணக்கு வராதா என்று அவர் கேட்டாராம். எட்டாவது இடத்துத் தோழி, அந்த 64 மார்க்காரி, தன் பழைய நோட்டைக் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து மார்க் 77. சட்டப்படி அதற்கு மேலும் ஏழு நாள் காத்திருக்கவேண்டும். அதற்குள் அக்டோபர் முடிந்துவிட்டது.

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். டிரில் டீம் சீசன் எத்தனை வாரம் என்பது அவர்கள் கையில் இல்லை. பையன்கள் ஜெயித்தால் அடுத்த சுற்று, இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை, இன்னும் ஒரு ஆட்டம். தோற்றால் எல்லோருக்கும் முடிந்தது. அந்த வருடம் பையன்கள் வரிசையாகத் தோற்றார்கள். நவம்பர் முதல் வாரம் கடைசி ஆட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. அந்தப் புதன்கிழமை சோதனையில் அவள் கடைசியாக ஆடினாள். டைரக்டர் நோட்டில் எதையோ எழுதிவிட்டு, "இடது பக்கம் ஏழு, திரும்ப வந்தாச்சு. எல்லோரும் பழைய இடத்துக்கு" என்றார். ஆறு பேர் முனகினார்கள். பின்னே, இப்போதுதானே புது இடம் பழகியது!

கடைசி ஆட்டத்தன்று லேசான மழை. ஈரப் புல்லில் குதித்து ஸ்ப்ளிட் இறங்குவது ஆபத்து என்று அதை மட்டும் எடுத்துவிட்டார்கள். கேலரியில் பாதி ஆட்கள்தான். உதை முடிந்தது. வெளியே ஓடிவரும்போது மூன்றாவது இடத்துப் பெண்ணிடம், "நீ இடது கையில் தொங்குகிறாய், உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவள் முறைத்தாள். பிறகு, "எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

டிசம்பரிலிருந்து ஜிம்முக்குள் போட்டிப் பயிற்சி, பிப்ரவரி மார்ச்சில் போட்டிகள், ஏப்ரலில் ஆண்டு விழா. போட்டி நடனத்தில் பூட்ஸ், தொப்பி தேவைப்படுவது குறைவு. தரை வழுக்கும், நடுவர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார், தொங்கினால் யார் என்று தெரிந்துவிடும். அவளும் அந்த மூன்றாவது இடத்துப் பெண்ணும் சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் பின்னால் சுவரைப் பிடிக்காமல் உதைத்துப் பழகுகிறார்கள். வேதியியல் இப்போது 81. அடுத்த வருடம் உயர்நிலை வேதியியல் எடுக்கிறாயா என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். விலக்கு உண்டு என்பதற்காக எடுக்கலாமா, அதற்காகவே எடுக்காமல் விடலாமா என்று வீட்டில் மூன்று பேரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.